தேவகியும் அறுபத்து நான்காவது ட்ரேயும்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு எங்கள் கம்பெனி வண்டி ஹிஞ்சேவாடிப் பாலத்துக்கு முன்னால் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஆறு பேர், என்னைத் தவிர எல்லோரும் தூக்கத்தில். அப்போதுதான் சேகர் அழைத்தார். தேவகியின் கணவர். காலை வேளையில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவர். "ரெண்டு நாளா தலவலின்னு சொல்லிகினு இருந்தா அண்ணே. காலைல எழுப்பினேன், எழுந்துக்கல" என்றார். வண்டியை விட்டு இறங்கி, சாலையைத் தாண்டி, ஒரு ஆட்டோவைப் பிடித்துக் கட்கியில் உள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று டாக்டர் பிற்பாடு சொன்னாராம். தேவகிக்கு வயது நாற்பத்து இரண்டு. எனக்கும் அதே வயதுதான்.

அந்தச் சந்து முழுக்க ஜனம். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் என்னிடம், "கம்ப்யூட்டர்ல இன்னாமோ பண்ணும் அது, நல்ல பொண்ணு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேவகியின் மகள் ரம்யா பத்தாவது படிக்கிறாள். அழுது ஓய்ந்த பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அங்கிள், மம்மி ஆபீஸ்ல எக்ஸாக்ட்லி இன்னா காம் பண்ணுவாங்க?" என்று கேட்டாள். ஒன்பது வருடம் அவளுடைய அம்மாவோடு ஒரே கூரைக்குக் கீழ் வேலை பார்த்தவன் நான். எனக்கு உடனே பதில் வரவில்லை. பதினாறாம் நாள் வருகிறவர்கள் கையில் கொடுக்க இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி சேகர் கேட்டபோது மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது ரம்யாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். இரண்டு பக்கத்தில் முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுதினால், யாரைச் சொல்கிறான் இவன் என்று தேவகி பின்னால் திரும்பிப் பார்ப்பாள். ஆகவே 'அவள்' என்றே எழுதுகிறேன்.

கோயமுத்தூரில் பி.இ. முடித்துச் சில வருடம் அங்கேயே வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் இந்த ஊர்த் தொழிற்பேட்டையான போசரியில் ஒரு சின்னக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன். தொழிற்சாலை மெஷின்களுக்குக் கன்ட்ரோல் பேனல் செய்து தருகிற இடம். முதலாளியோடு சேர்த்துப் பதினான்கு பேர். தேவகி பாலிடெக்னிக் படித்துவிட்டு அங்கே ஒயரிங்கில் நுழைந்து, பேனல்களைச் சோதித்து அனுப்பும் வேலைக்கு உயர்ந்திருந்தாள். கட்கியிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து, காசர்வாடியில் இறங்கி, ஷேர் டெம்போவில் நெருக்கியடித்துக்கொண்டு வருவாள். முதல் நாள் என்னைப் பார்த்து அவள் கேட்டது: "நீதான் புதுசா வந்த கோயமுத்தூரா?" எங்கள் ஊரில் எதிரியைத் திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். பதவியில் அவளுக்கு ஒரு படி மேலே இருந்த எனக்கு இந்த 'நீ' தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. மூன்று தலைமுறையாகக் கட்கியில் இருக்கும் குடும்பம், இந்தியும் மராத்தியும் கலந்த தமிழ், அதில் எல்லோருமே 'நீ'தான் என்பது பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. ஆற்காட்டுப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடமிருந்து வரும் கல்யாணப் பத்திரிகைகளை மத்தியானச் சாப்பாட்டின்போது என்னிடம்தான் தருவாள். நான் வாசிக்க வாசிக்க, யார் யார் யாருக்கு என்ன உறவு என்று எனக்கே பாடம் நடத்துவாள்.

இனி அவள் வேலையைச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் மெஷின் பக்கம் போகாதவர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது தெரியாமல் தேவகியைத் தெரியாது.

ஒவ்வொரு மெஷினுக்கும் பி.எல்.சி. என்று ஒரு பெட்டி இருக்கிறது. மெஷின் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அதுதான். அதன் மெமரி பல நூறு சின்னக் கட்டங்கள் கொண்ட ஒரு தாள் மாதிரி. வரிசைக்கு எட்டுக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் 'ஆம்' அல்லது 'இல்லை', இரண்டில் ஒன்றுதான் இருக்கும். கதவு மூடியாயிற்றா என்பதற்கு ஒரு கட்டம், எண்ணெய் சூடாயிற்றா என்பதற்கு ஒரு கட்டம் என்று புரோகிராம் எழுதுகிற எங்களைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்வோம். ஒரே கட்டத்தைத் தெரியாமல் இரண்டு காரியத்துக்கு எடுத்துவிட்டால் போச்சு. ஒன்றுக்குச் சொன்ன 'ஆம்' மற்றதற்கும் போய்ச் சேரும். எந்தக் கட்டம் பயனில் இருக்கிறது, எது காலி என்று மொத்த மெமரியையும் ஒரே பார்வையில் காட்டுகிற பக்கம் ஒன்று நாங்கள் புரோகிராம் எழுதப் பயன்படுத்துகிற மென்பொருளிலேயே உண்டு. பயனில் இருக்கும் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதைத் திறந்து பார்க்கிறவர்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

தேவகி ஒவ்வொரு மெஷினுக்கும் அதைத் திறப்பாள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கதறக் கதற அத்தனை பக்கங்களையும் அச்செடுத்து, பேனல்களுக்கு நடுவே தரையில் விரித்து, காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். கையில் பென்சில். வரிசை வரிசையாகப் போவாள். குறி இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றாலும் கேள்வி, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தாலும் கேள்வி. எங்கள் மராத்திக்கார நண்பர்கள் அதற்கு 'தேவகியின் ரங்கோலி' என்று பெயர் வைத்தார்கள். அவளைத் தாண்டிப் போக வேண்டியவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு போவார்கள். மிதித்தால் தொலைந்தோம்.

எனக்கு அது வெட்டி வேலையாகத் தோன்றியது. ஒரு கட்டம் காலியா என்று தெரிய வேண்டுமானால் அதன் எண்ணை அடித்துத் தேடினால் இரண்டு விநாடியில் பதில் வரும், இதற்கு ஏன் மூன்று மணி நேரம் தரையில் உட்கார வேண்டும் என்று ஒரு தடவை கேட்டேன். அவள் நிமிரவில்லை. "தேடினா தேடினதுதான் கெடைக்கும் வேலு. பாத்தா மீதியும் தெரியும்" என்றாள். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. எந்த மெஷினிலும் மெமரியின் கடைசி இரண்டு வரிசைகளை யாரும் தொடக் கூடாது. அவை விருந்தாளிக்கு என்பாள். மெஷினை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நாளைக்கே ஒரு விளக்கு வேண்டும், ஒரு மணி வேண்டும் என்று எதையாவது சேர்ப்பார்கள், அப்போது அவர்கள் கை நம் கட்டங்களில் விழக் கூடாது என்பது அவள் கணக்கு. ஒரு முறை இடம் போதாமல் அந்த வரிசையில் ஒரே ஒரு கட்டத்தை எடுத்துவிட்டேன். பேனலை அனுப்ப மறுத்துவிட்டாள். நான் கத்தினேன். பதவியைக்கூட இழுத்துப் பேசினேன். அவள் வடாபாவைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, அச்செடுத்த தாளில் அந்தக் கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் நான்தான் மாற்றி எழுதினேன். மூன்று வருடம் கழித்து சாத்தாரா பக்கம் ஒரு ஆலைக்குப் போயிருந்தபோது அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் அதே மெஷினில் புதிதாக ஒரு மோட்டார் சேர்த்திருந்தார். கடைசி இரண்டு வரிசை காலியாக இருந்தது, அங்கேயே போட்டுக்கொண்டேன் என்றார். திரும்பி வந்து தேவகியிடம் சொன்னேன். "பின்னே?" என்றாள், அவ்வளவுதான்.

இப்போது ஃபர்னஸ் கதைக்கு வருகிறேன். உண்மையில் இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் சாகண் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஃபர்னஸ் ஒன்றின் பேனல் செய்தோம். வண்டி பாகங்களை ட்ரேயில் அடுக்கி உள்ளே தள்ளிச் சுட்டு உறுதியாக்குகிற பெரிய அடுப்பு. அதே போன்ற பழைய ஃபர்னஸ் ஒன்றுக்கு நான் முன்பு எழுதிய புரோகிராம் கையில் இருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பழையதில் கதவைக் கையால் இழுத்து மூடுவார்கள். புதியதில் மேலிருந்து மோட்டாரில் இறங்கும் கதவு. ட்ரே முழுதாக உள்ளே போன பிறகு ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினால் கதவு இறங்க வேண்டும். அந்த ஒரு பகுதியைப் புதிதாக எழுதிச் சேர்த்தேன். கதவை இறக்கும் உத்தரவுக்கு ஒரு கட்டம் வேண்டியிருந்தது. ஒரு எண்ணை அடித்துத் தேடினேன். எங்கும் பயனில் இல்லை என்று வந்தது. எடுத்துக்கொண்டேன்.

பேனலை ஏற்ற லாரி வாசலில் நின்றது. தேவகி இன்னும் அச்சே எடுக்கவில்லை. பழைய புரோகிராம்தானே, ஏற்கெனவே பார்த்ததுதானே, லாரிக்காரன் கத்துகிறான், கையெழுத்தைப் போடு என்று நான் நச்சரித்தேன். ஒன்பது வருடத்தில் அவள் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆறு மாதம் ஒரு புகாரும் இல்லை. தசரா நெருங்கி வேலை கூடியபோது, ஒரே மாதத்தில் மூன்று தடவை, ட்ரே பாதி உள்ளே போகும்போதே கதவு அதன் மேல் இறங்கியது. மூன்றாவது தடவை ட்ரே வளைந்து, அடுக்கியிருந்த கனமான பாகங்கள் ஆபரேட்டரின் காலடியில் உருண்டன. மூன்று தடவையும் இரண்டாவது ஷிஃப்ட். மூன்று தடவையும் பாண்டுரங் என்ற ஒரே ஆபரேட்டர். இருபது வருட சர்வீஸ் உள்ளவர். சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில் பொத்தானை முன்கூட்டியே அழுத்துகிறார், பிறகு இல்லை என்று பொய் சொல்கிறார் என்று நிர்வாகம் முடிவு கட்டி அவரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டது. சனிக்கிழமை விசாரணை. அதில் வேலை போவது உறுதி என்றார்கள்.

எங்கள் முதலாளி கானடே சாஹேப் கெட்டவர் இல்லை, பயந்தவர். அதே தொழிற்சாலையில் இன்னும் நான்கு ஃபர்னஸுக்கு ஆர்டர் பேசிக்கொண்டிருந்தார். ஆபரேட்டரின் தவறு என்று அவர்களே சொல்கிறபோது நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தேவகி மட்டும் தன் கையெழுத்திட்ட சோதனைத் தாளை ஃபைலிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை என்பது உங்களுக்குத் தெரியும். மெஷின்கள் நிற்கும் அந்த ஒரு நாள்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை நாள். அந்த வியாழக்கிழமை காலை சேகரின் ஸ்கூட்டரை என் வீட்டு வாசலில் நிறுத்தி, "வா, சாகண் போவலாம்" என்றாள். போகும் வழியில் தொழிற்சாலைக்குத் திரும்பாமல் பாண்டுரங்கின் வீட்டைத் தேடிப் போனாள். நான் பின்னால் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

ஒற்றை அறை வீடு. பாண்டுரங் எங்களுக்கு உட்காரப் பாய் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டார். "மீ ஹாத் லாவ்லா நாஹீ" என்றார். நான் கையே வைக்கவில்லை என்று பொருள். அதையே மூன்று தடவை சொன்னார். அந்த மாதம் முழுதும் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறார் போல, வார்த்தைகள் தேய்ந்து போயிருந்தன. கை வைத்தீர்களா என்று தேவகி கேட்கவே இல்லை. அந்த மெஷினில் வேறு ஏதாவது உங்களுக்கு விநோதமாகப் பட்டதா என்று மராத்தியில் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, பேனலில் ட்ரே எண்ணிக்கை காட்டும் நம்பர் கதவு இறங்கும்போதெல்லாம் சில விநாடி தப்பாகக் காட்டும், மெயின்டெனன்ஸில் சொன்னேன், சிரித்தார்கள் என்றார். எவ்வளவு தப்பு என்று தேவகி கேட்டாள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்தாறு, இருபது இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்து நான்கு என்றார் அவர். தேவகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டிலும் வித்தியாசம் அறுபத்து நான்கு. எண்ணை வைத்திருக்கும் கட்டங்களில் ஒன்று தவறாக 'ஆம்' ஆனால் வருகிற வித்தியாசம் அது.

தொழிற்சாலையில் ஃபர்னஸ் ஆறிக் கிடந்தது. மெமரிப் பக்கத்தை அச்செடுத்துத் தரையில் விரித்தாள். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அன்றுதான் முதல்முறையாக அவளோடு தரையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். பென்சில் ஒவ்வொரு வரிசையாக இறங்கி ஒரு இடத்தில் நின்றது. அங்கே இரண்டு வரிசைகளின் குறுக்கே, பதினாறு கட்டங்களையும் சேர்த்து, ஒரு கோடு போயிருந்தது. பதினாறையும் ஒரே எண்ணாகச் சேர்த்து யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று பொருள். அதே இடத்தில், ஒரு கட்டத்தில் மட்டும், தனியாக ஒரு பெருக்கல் குறி.

பழைய ஃபர்னஸில் ட்ரே எண்ணிக்கையை வைத்துக்கொள்ள நான் அந்தப் பதினாறு கட்டங்களையும் மொத்தமாக எடுத்திருந்தேன். அதை மறந்தும் போனேன். தனிக் கட்டத்தின் எண்ணை அடித்துத் தேடினால் தனிக் கட்டம்தான் வரும், அதன் மேல் படுத்திருக்கும் எண்ணிக்கை வராது. ட்ரேக்கள் ஒன்று, இரண்டு என்று ஏற ஏற அந்தக் கட்டங்கள் மாறி மாறி 'ஆம்' ஆகும், 'இல்லை' ஆகும். ஆனால் அறுபத்து மூன்று வரை ஒரு குறிப்பிட்ட கட்டம் 'ஆம்' ஆகவே ஆகாது. அறுபத்து நான்கில் ஆகும். கதவை இறக்கும் உத்தரவுக்கு நான் எடுத்தது அந்தக் கட்டத்தை. சாதாரண நாளில் ஐம்பது ட்ரேயைத் தாண்டாத ஃபர்னஸ், தசரா வேலையில் தாண்டியது. காலையில் தொடங்கும் எண்ணிக்கை இரண்டாவது ஷிஃப்டில்தான் அறுபத்து நான்கைத் தொடும். கதவு விழுந்த பிறகு பேனலை அணைத்துப் போடுவார்கள், எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், தடயமும் போய்விடும்.

"இந்தக் கோடு யாருது?" என்றாள்.

"என்னுது."

"கட்டம்?"

"அதுவும் என்னுதுதான்."

பென்சிலைக் கீழே வைத்தாள். "கையெழுத்து என்னுது" என்றாள்.

சோதித்துப் பார்க்காமல் அவள் எதையும் நம்ப மாட்டாள். நான் ட்ரேயை உணரும் சென்ஸாருக்கு முன்னால் கையை வைத்து வைத்து எடுத்தேன். அவள் பொத்தானிலிருந்து பத்தடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்று எண்ணினாள். வேடிக்கை பார்க்க வந்த காவலாளியும் சேர்ந்து மராத்தியில் எண்ணினார். அறுபத்து மூன்று வரை ஒன்றுமில்லை. அறுபத்து நான்கு என்று வாய் சொல்வதற்குள் மோட்டார் உறுமிக் கதவு இறங்கத் தொடங்கியது. பொத்தான் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. காவலாளி எண்ணுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார்.

பத்து நிமிடத்தில் கட்டத்தை மாற்றிச் சரி செய்துவிட்டேன். பிறகு நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். இனி கதவு விழாது, நாம் எதுவும் சொல்ல வேண்டாம், சனிக்கிழமை கானடே சாஹேபை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் பாண்டுரங்கை எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், எல்லோருக்கும் நல்லது என்றேன். தேவகி தாள்களை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவுரு வேலைக்கு திரும்பி வர்றது வேற வேலு. பொய் சொல்லலன்னு வர்றது வேற."

மடித்த தாள்களை என்னிடம் தந்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை கானடே சாஹேபிடம் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சனிக்கிழமை காரில் போகும்போது, கேட்டதற்கு மேல் பேச வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். விசாரணை அறையில் நீள மேஜை, தொழிற்சாலைத் தலைவர், பர்சனல் ஆபீசர், யூனியன்காரர் ஒருவர். பாண்டுரங் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். தேவகி டீக் கோப்பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மெமரிப் பக்கத்தை மேஜை மேல் விரித்தாள். பெரிய மனிதர்கள் எல்லோரும் எழுந்து நின்று குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று. நல்ல மராத்தியில் பத்து நிமிடம் பேசினாள். அறுபத்து நான்கை விளக்கும்போது தொழிற்சாலைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

பர்சனல் ஆபீசர் சோதனைத் தாளைத் தூக்கிக் காட்டினார். பார்த்தாயிற்று என்று இதில் கையெழுத்து இருக்கிறதே என்றார். "அது என்னுடையது. பார்க்காமல் போட்டேன்" என்றாள் தேவகி. குரலில் நடுக்கம் இல்லை. அழுகை இல்லை. இன்ன தேதியில் ரயில் தாமதம் என்று சொல்வது போலச் சொன்னாள்.

அடுத்து தொழிற்சாலைத் தலைவர் கேட்டார்: புரோகிராம் எழுதியது யார்?

கேள்வி அவளைப் பார்த்துத்தான் வந்தது. பதில் அவளுக்குத் தெரியும். கானடே சாஹேபுக்கும் தெரியும், அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவகி முன்னால் இருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். தண்ணீரைக் கடகடவென்று ஒரே மூச்சில் விழுங்குகிறவள் அவள். அன்று சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. டம்ளர் பாதியானது. நான்கு ஃபர்னஸ், ஊரில் கட்டிக்கொண்டிருந்த வீடு, கம்பெனியில் என் பெயர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. டம்ளர் இன்னும் சாய்ந்தது.

மராத்தியில் 'நான்' என்பதற்கு ஒரே எழுத்து. "மீ" என்றேன்.

அவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்த பாண்டுரங் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அன்று மாலையே அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சஸ்பெண்ட் என்ற பதிவையும் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு அந்த நான்கு ஃபர்னஸ் கிடைக்கவில்லை. கானடே சாஹேப் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. பிறகு ஒரு காலை வந்து, இனி ரங்கோலி போடாமல் ஒரு பேனலும் வாசலைத் தாண்டக் கூடாது, லாரி நின்றால் நிற்கட்டும் என்றார். பாண்டுரங் ஒரு டப்பா பேடாவோடு வந்தார். முதல் பேடாவை தேவகியிடம் நீட்டினார். "அவனுக்கு முதல்ல குடுங்க, அவன்தான் ஒத்துக்கினான்" என்று அவள் மராத்தியில் சொல்லி என் பக்கம் கையைக் காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பேடா தொண்டையில் அடைத்துவிட்டது என்று சமாளித்தேன்.

சில வருடம் கழித்து நான் ஹிஞ்சேவாடிக்குப் போனேன். அவளையும் கூப்பிட்டேன், இரண்டு பங்கு சம்பளம். அங்கே தரையில் கார்ப்பெட் போட்டிருப்பாங்களே, பேப்பரை எங்க விரிக்கிறது என்று கேட்டாள். விளையாட்டாகச் சொன்னாளா உண்மையாகச் சொன்னாளா தெரியாது. போசரியிலேயே இருந்துவிட்டாள். போன மாதம் வரை அங்கிருந்து போன ஒவ்வொரு பேனலையும் பார்த்தே அனுப்பியிருக்கிறாள். ரம்யா, உன் அம்மா செய்த வேலை இதுதான். இந்த ஊரைச் சுற்றி எத்தனையோ மெஷின்கள் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றின் பக்கத்தில் நிற்கிறவர்களின் கையும் காலும் பத்திரமாக இருக்கின்றன. அவர்கள் யாருக்கும் உன் அம்மாவைத் தெரியாது. நீ தெரிந்து வைத்துக்கொள்.

நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். மெமரிப் பக்கத்தைத் திறக்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது, அது பெரிய காரியமில்லை. அந்த அறையில் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மூடி மறைக்கவும் இல்லை. நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். இன்று என் கீழே இருபது பேர் வேலை செய்கிறார்கள். எங்காவது ஒரு மெஷின் தப்பாக ஓடி, எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இதை எழுதியது யார் என்ற கேள்வி வரும்போது, பதில் தெரிந்திருந்தாலும் நான் பெயரைச் சொல்வதில்லை. முன்னால் இருக்கும் தண்ணீரை எடுத்து மெதுவாகக் குடிக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட யாரும் என்னை டம்ளரைக் காலி செய்ய விட்டதில்லை.